கடைசியாகப் பாலம் கடக்கிறவர்

என் புருஷன் ஐஷம் கேட்லின் எந்தப் பாலத்தையும் கடைசி ஆளாகத்தான் கடப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எண்பது பேர் ஓடையைத் தாண்டி வீடு திரும்புவோம். அவர் கோயில் பக்கத்துக் கரையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலை எண்ணுவார். கைப்பிள்ளை உட்பட எல்லோரும் அக்கரை சேர்ந்த பிறகுதான் பலகையில் கால் வைப்பார். கொட்டுகிற மழையிலும் இதே கூத்துதான். நான் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டி, சோளரொட்டி சுட்டு, அது ஆறியும் போயிருக்கும். மனுஷன் அப்போதுதான் வந்து நிற்பார். "ஊரே கரையேறியாச்சு, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

ஊருக்கோ இது பெரிய பெருமை. "தலைவன்னா இப்படி இருக்கணும்" என்று எங்கள் கோயில் மூப்பர் டீக்கன் ப்ரைமஸ் வாராவாரம் சொல்வார். நானும் உள்ளுக்குள் பூரித்துத்தான் போனேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அந்தப் பாலமே அவர் கொண்டுவந்ததுதான். ஜார்ஜியா சட்டசபையில் கறுப்பர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். அதில் அவர் ஒருத்தர். முழங்கால் ஆழ ஓடைக்குப் பாலமா என்று வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். நாலு வருஷம் விடாமல் நச்சரித்து வாங்கினார். பள்ளிக்கூடமும் அவர் கட்டியது. வாத்தியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அதற்கு முந்தின மாதம் ஆறு வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு குதிரையில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். இவர் பதவியில் இருப்பதால் தீ வைக்காமல் திரும்பினார்கள். தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இவர் தோற்றால் பள்ளிக்கூடம் சாம்பல்தான். அது குழந்தைக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அந்தக் கடிதம் வந்தது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட சண்டை முடிந்து பதினெட்டு வருஷம் ஆகியும், அடிமைக் காலத்தில் விற்கப்பட்ட பிள்ளையை, பிரிந்துபோன தாயைத் தேடுகிறவர்கள் கோயில் கோயிலாகக் கடிதம் எழுதுவார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை வாசிப்போம். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பது முறை. தெரிந்தவர் எழுந்து, "எனக்குத் தெரியும்" என்று சொல்லி, பதில் எழுதும் பொறுப்பை ஏற்க வேண்டும். யாரும் எழவில்லை என்றால், "கர்த்தர் காப்பாராக" என்று எல்லோரும் சொல்லிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போவோம். வாசிப்பது ஐஷம். பிரித்து அடுக்கி வைப்பது நான்.

இந்தக் கடிதம் யாரோ எழுதிக் கொடுத்தது. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

"ஐயா, என் புருஷனைத் தேடுகிறேன். பெயர் ஐஷம். இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். சண்டையின் கடைசிக் குளிர்காலத்தில் வடக்குப் படையோடு மரம் வெட்டுகிற ஆளாக வந்தான். காலையில் என்னைச் சாமான் வண்டியில் ஏற்றிவிட்டான். வழியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் விட்டு நான் இறங்கிவிட்டேன். கடைசியாக அவனை ஓடையின் அக்கரையில் பார்த்தேன். கையில் கோடாரி இருந்தது. பாலத்துக் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன், அவனுக்குக் கேட்கவில்லை. எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்தால் போதும். சாப்ரா."

அந்த ஓடை எங்கள் ஊர் ஓடை இல்லை, ஆளை முழுக்கடிக்கும் ஆழம்; அதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எஜமானர்களை விட்டு ஓடிவந்து, விடுதலை கொடுக்க வந்த படை என்று நம்பி, அதன் பின்னாலேயே நடந்த ஜனங்கள் நாங்கள். படை மிதவைப் பாலம் போட்டுக் கடந்தது. "கொஞ்ச நேரம் பொறுங்க, சிப்பாய்கள் போகட்டும், அப்புறம் நீங்க" என்றார்கள். பொறுத்தோம். கடைசிச் சிப்பாய் கரையேறியதும் பாலம் போய்விட்டது. பின்னால் எங்களைத் திரும்ப அடிமையாக்க வரும் தெற்கத்திக் குதிரைப்படை. எனக்கு வயது பத்தொன்பது, என் தங்கை லெட்டிக்குப் பதினான்கு. கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். அக்கரையில் என் கையில் அவள் கை இல்லை. இப்போது எங்கள் கோயிலுக்கு வரும் கிழவி வீனி அத்தை அன்றைக்கு இரண்டு மகன்களை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தாள். எங்கள் கோயிலில் பாதிப் பேர் அந்தக் கரையில் நின்றவர்கள்தான்.

ஐஷம் என்னைக் கேட்டு வந்தபோது சொன்னார்: "நானும் அந்தக் கரையிலதான் நின்னேன். என் சாப்ரா அங்கதான் போனா." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரைக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தேர்தல் கூட்டம் முடிந்து வந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன இது?"

"படிங்க. உங்களைத் தேடித்தான் வந்திருக்கு."

படித்தார். மறுபடியும் படித்தார். அந்தப் பாதி விரல் தாளின் ஓரத்தில் பதிந்திருந்தது.

"சாப்ரா உயிரோட இருக்கா" என்றார். முதலில் வாயில் வந்தது அதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினைந்து வருஷம் சோறாக்கிப் போட்டவள் எதிரில் நிற்கிறேன். பொறாமைதான், மறைப்பானேன். ஆனால் அதையும் தாண்டி அந்தக் கோடாரி கண்முன் நின்றது.

"வெட்டினியா?" என்றேன். அவரை நான் அதுவரை நீ என்று சொன்னதில்லை.

"வெட்டினேன்."

"யார் சொல்லி?"

"கேப்டன். நாங்க எட்டுப் பேர் இருந்தோம், எல்லாம் நம்ம ஆளுங்க. நாலு பேர் முடியாதுன்னு கோடாரியக் கீழ போட்டாங்க."

"அவங்கள சுட்டானா?"

"இல்ல. சாட்டையால அடிச்சான்." தட்டைத் தள்ளி வைத்தார். "அடிதான், கேத்தூரா. அவ்வளவுதான்."

"அப்புறம் நீ ஏன் போடல?"

"சாப்ராவ வண்டியில ஏத்தி விட்டிருந்தேன். அவ தாண்டிட்டான்னு நெனச்சேன். என்னோடவ தாண்டிட்டா, இனி எனக்கென்னன்னு வெட்டிட்டேன். சத்தம் கேட்டுச்சு. யார் யாரோ கூப்பிட்டாங்க. திரும்பிப் பாக்கல."

"லெட்டி அங்க நின்னா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்னைக் கட்டினியா?"

"ஆமா."

அட பாவி! வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. தொப்பியும் கையுமாகக் கரையில் நின்றது, தலை எண்ணியது, முழங்கால் ஆழ ஓடைக்கு நாலு வருஷம் பாலம் கேட்டது எல்லாமே. ஊர் கும்பிட்டதெல்லாம் அந்தக் கோடாரியிலிருந்து முளைத்தது. அந்த ஒரு காலை இல்லாவிட்டால் இவர் எங்காவது மரம் வெட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எங்களுக்குப் பள்ளிக்கூடமும் இருந்திருக்காது. இதை நான் எங்கே கொண்டு வைப்பது?

"தேர்தல் முடியட்டும்" என்றார். "பதினோரு நாள் பொறு. அப்புறம் நானே வாசிக்கிறேன். பள்ளிக்கூடத்த நெனச்சுப் பாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கொஞ்ச நேரம் பொறுங்கன்னுதான் அன்னைக்கும் சொன்னாங்க" என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சனிக்கிழமை முழுக்க அந்தக் கடிதம் என் பாவாடைப் பையில் கிடந்தது. ஒரு தடவை அடுப்புக் கதவைத் திறந்து அதைக் கையில் எடுத்தும்விட்டேன். எரித்தால் எல்லாம் தப்பும். பள்ளிக்கூடமும் தப்பும், என் குடும்பமும் தப்பும். ஆனால் அக்கரையில் ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். காது கேட்காத மாதிரி நானும் இருந்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? வாசிக்க வைத்திருந்த நாலு கடிதத்துக்கு அடியில் ஐந்தாவதாகச் சொருகினேன். என் வேலை அடுக்குவது. வாசிப்பது அவர் பாடு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. முதல் மூன்று கடிதங்களுக்கு யாரும் எழவில்லை. நாலாவதை வாசித்து, "யாருக்காவது தெரியுமா?" என்றதும் டீக்கன் ப்ரைமஸ் துள்ளி எழுந்தார்.

"எனக்குத் தெரியும்! சவானா துறைமுகத்துல என்கூட மூட்டை தூக்கினவன். சீட்டாட்டத்துல என் பூட்ஸைக் கெலிச்சுட்டுப் போனவன். அந்தம்மாகிட்ட சொல்லுங்க, மகன் கெடைச்சுட்டான், பூட்ஸ் இன்னும் கெடைக்கலன்னு."

கோயிலே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஐஷம் ஐந்தாவது கடிதத்தைப் பார்த்துவிட்டார். அதை மடித்துப் பையில் வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. என் பக்கம் பார்த்தார். நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டேன். ஒத்தாசை செய்ய எனக்கு மனசில்லை.

வாசித்தார். ஒரு வரி விடவில்லை. பெயர் ஐஷம் என்றபோது இரண்டு பேர் சிரித்தார்கள், தற்செயலான பெயர் ஒற்றுமை என்று. பாதிச் சுண்டுவிரல் என்றதும் சிரிப்பு நின்றது. கடிதத்தைப் பிடித்திருந்ததே அந்தக் கைதானே. கோடாரி வந்தது, கயிறு வந்தது. எனக்குப் பக்கத்தில் வீனி அத்தை விசிறிக்கொண்டிருந்தாள். விசிறி மடியில் விழுந்தது.

"யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். கேட்பதுதானே முறை.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் எழவில்லை. கர்த்தர் காப்பாராக என்றும் யாரும் சொல்லவில்லை. வெளியே யாருடைய கழுதையோ மணியை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் ஐஷம். "அது நான்தான். என்னோடவ தாண்டிட்டான்னு நெனச்சு வெட்டினேன். வேற காரணம் ஒண்ணும் இல்ல. நாளைக்கே அவளுக்குப் பதில் எழுதுறேன்."

பாட்டு இல்லை, ஜெபம் இல்லை. எழுந்து வெளியே வந்தோம். கால் போன போக்கில் எல்லோரும் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தோம். ஐஷம் பழக்கதோஷத்தில் தன் இடத்தில் போய் நின்று தொப்பியைக் கழற்றினார்.

வீனி அத்தை அவருக்கு எதிரில் வந்து நின்றாள். அவர் தோள் உயரம்கூட இல்லை அவள்.

"எங்களை எண்ணாத" என்றாள். "இத்தனை வருஷம் எண்ணினியே, ரெண்டு தலை கொறைஞ்சது தெரியலியா உனக்கு?"

"தெரியும் அத்தை. தினமும் தெரியும்."

டீக்கன் ப்ரைமஸ் மெதுவாகக் கேட்டார்: "அத்தை, அப்போ ஓட்டு?"

"போடுங்க. ஆம்பளைங்க எல்லாரும் போய் இவனுக்கே போடுங்க. பள்ளிக்கூடம் நம்ம பிள்ளைங்களோடது, இவனோடதா என்ன?" பிறகு ஐஷமிடம் பாலத்தைக் காட்டினாள். "இன்னைக்கு நீ முன்னாடி போ."

"அத்தை..."

"போடா. அன்னைக்குப் போன மாதிரியே போ."

அவர் போனார். தனியாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பலகைச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அக்கரையில் இறங்கித் திரும்பினார். எண்பது பேரும் இந்தக் கரையில் அசையாமல் நின்றோம். ஒருவரும் திட்டவில்லை, அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதே உயரத்தில் ஒரு ஆள் அக்கரையில், கையில் ஏதோ ஒன்றோடு. அன்றைக்கு நானும் இப்படித்தான் பார்த்திருப்பேன், ஆள் யார் என்று தெரியாமல். இன்றைக்கு அது தொப்பி, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து வீனி அத்தை, "சரி, பசிக்குது" என்று சொல்லிப் பாலத்தில் கால் வைத்தாள். அவள் பின்னால் மற்றவர்கள் போனார்கள். கடந்து போனவர்களில் யாரும் அவரை மிதிக்கவுமில்லை, தொடவுமில்லை.

என் வீடும் அக்கரையில்தான். அடுப்பில் கிழங்கு வைத்துவிட்டு வந்திருந்தேன். இருந்தும் எல்லோரும் போகட்டும் என்று நின்றேன். ஏன் நின்றேன் என்று அப்போது தெரியவில்லை. கடைசி ஆளாகப் பாலத்தில் ஏறினேன். பாதியில் கால் நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அந்தக் கரை காலியாக இருந்தது. காலி என்று கண்ணுக்குத் தெரிந்தது, மனசுக்குத் தெரியவில்லை.

"லெட்டி!" என்று கூப்பிட்டேன். "பாலம் இருக்குடி. வா."

சத்தமாகத்தான் கூப்பிட்டேன். அக்கரையில் உட்கார்ந்திருந்த ஐஷமுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.