இறக்கையில் ஒரு சிவப்பு வட்டம்

காற்றாலை இறக்கையை நான் காதால் சோதிப்பவள். அறுபது மீட்டர் நீளத்தையும் சாண் சாணாகச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவேன். கண்ணாடி இழைகளுக்குள் ரெசின் பசை நன்றாக ஊறியிருந்தால் 'டக்'கென்று கெட்டியாகக் கேட்கும். ஊறாமல் விட்ட இடம் 'டொப்'பென்று காலியாகக் கேட்கும். அங்கே சிவப்பு வட்டம் போட்டுவிட்டால் இறக்கை கூடத்தை விட்டு நகராது.

அன்று என் முன்னால் கிடந்தது என் வீட்டுக்காரரின் குழு செய்த இறக்கை. எங்களிடம் இறக்கை வாங்கும் கம்பெனி, வெளிநாட்டில் ஒரு வருட வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. தொடர்ந்து பத்து இறக்கை வட்டமில்லாமல் தேறினால் இவருக்குத்தான் அந்த இடம். ஒன்பது தேறிவிட்டன. "போகட்டுமா?" என்று முந்தின வாரம் கேட்டார். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன்.

"அண்ணி, அண்ணன் பெத்த பிள்ளை. பார்த்துத் தட்டுங்க!" என்றான் இறக்கையை வார்த்தெடுக்கும் அச்சுப் பிரிவு ஆள் ஒருவன்.

"என்னையே தட்டிப் பார்த்துட்டுத்தான்டா கழுத்தை நீட்டினா," என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள்.

நாற்பத்தோராவது மீட்டரில் என் கை நின்றது. மறுபடி தட்டினேன். சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்ததா? இருந்தது என்றே பட்டது. வட்டம் போட்டேன்.

"அவ காது தப்பாதுடா," என்று இவர் தன் ஆட்களிடம் சொன்னார். மாலையே வெளிநாட்டு வேலைக்கு வேறொரு குழுத் தலைவரின் பெயர் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, வட்டம் போட்ட இடத்தை ஸ்கேன் செய்த முடிவு வந்தது. அந்த இடத்தில் குறையே இல்லை. தாளை எடுத்துக்கொண்டு அச்சுக் கூடத்துக்குப் போனேன். கண்ணாடி இழைத் துணியை விரித்துக்கொண்டிருந்தவர் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் படித்தார்.

"நிஜமாவே உள்ள காலியாக் கேட்டுச்சா?"

"நீங்க 'போகட்டுமா'ன்னு கேட்டதுதான் காதுக்குள்ள கேட்டுட்டே இருந்துச்சு."

"போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருப்பேனே. அதுக்குத்தானே உன்கிட்ட கேட்டேன்!"

வட்டத்தை நானே துடைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு எப்போதும் இடம் பிடித்து வைப்பவர், அன்று தன் ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "வாங்க அண்ணி," என்று அவர்கள்தான் நகர்ந்து இடம் விட்டார்கள். இவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.