தலைகீழ் கியர்

பல் டாக்டர் அந்தப் பழைய காரை வாங்கி வந்தபோது அதைக் கார் என்றே யாரும் நம்பவில்லை. கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. அவள் வீட்டுக்காரர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காப்பாத்த முடியாது, பிடுங்கிடலாம்" என்றார். நோயாளிகளிடம் அவள் சொல்கிற வசனத்தை அவளிடமே திருப்பிவிட்டார் மனுஷர். அவள் அசரவில்லை.

நாலு வருடம், ஞாயிறு தவறாமல், அவளும் கொழுந்தனும் ஷெட்டில் கிடையாய்க் கிடந்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். கொழுந்தன் கணக்கு வாத்தியார். ஒரு தப்பைக் கண்ணால் கண்டுவிட்டால், திருத்தாமல் சோறு இறங்காத பிறவி.

அந்தக் காரிலும் அவர் கண்ணை உறுத்திய தப்பு ஒன்று இருந்தது. காருக்கு அடியில் படுத்து கியர் கம்பியை மாட்டியவள் அண்ணி. எட்டாத இடத்தை, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே முடுக்கியிருந்தாள். கியர் முன்னுக்குப் பின்னாகிவிட்டது. முன்னால் தள்ளினால் விழ வேண்டிய முதல் கியர், பின்னால் இழுத்தால்தான் விழும். இரண்டாவதுக்கு முன்னால் தள்ள வேண்டும். மூன்றும் நான்கும் அதே கூத்து.

"கழட்டி மாத்திடலாம் அண்ணி, அரை மணி நேர வேலை."

"வேணாம் தம்பி. நாள் பூரா கண்ணாடில பாத்து வேலை செய்யறவ நான். என் கைக்கு இதுதான் வசதி."

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். மனசை மூடவில்லை.

பழைய கார்ச் சங்கத்தில் ஒரு சட்டம். மூன்று பந்தயத்துக்குள் ஒன்றையாவது முழுசாக ஓடி முடிக்காத கார் பட்டியலிலிருந்து போய்விடும். அப்புறம் கண்காட்சியில் பொம்மை மாதிரி நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். முதல் பந்தயத்தில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. இரண்டாவதில் சக்கரம் சிக்கிக்கொண்டது. இன்று மூன்றாவது. இருபது நிமிடத்துக்குள் எட்டுச் சுற்று. இதை விட்டால் நாலு வருடமும் போச்சு என்று அவளுக்குத் தெரியும்.

ஓட்டுகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டு முக்கால் மணி நேரமாக விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உதவிக்கு வந்தவர்கள் கார்களைக் கையால் தள்ளிக்கொண்டுபோய்க் கோட்டில் நிறுத்திவிட்டு, கயிற்றுக்கு வெளியே போய்விட வேண்டும். எஞ்சின் கோட்டில்தான் கிளம்பலாம். விசில் ஊதியதும் அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்து ஏறினாள். கயிற்றுக்கு அப்பால் கொழுந்தன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கையை முன்னால் தள்ளிக் காட்டினார், பின்னால் இழுத்துக் காட்டினார். இத்தனை எஞ்சின் உறுமலில் என்ன கேட்கும்? எவ்வளவு ஆசை பார் இந்தப் பிள்ளைக்கு என்று உருகிப்போய், அவளும் கையை ஆட்டினாள்.

கொடி விழுந்தது. கியரைப் பின்னால் இழுத்து கிளட்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. இரண்டாம் தடவையும் அதே கதை. மற்ற பதினொரு கார்களும் புகையை அவள் முகத்தில் அடித்துவிட்டுப் போயே போய்விட்டன.

மூன்றாம் தடவை உறுமவிட்டு எப்படியோ நகர்த்தினாள். இரண்டாவது கியருக்கென்று முன்னால் தள்ளினால் எஞ்சின் அலறியது. அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி வாத்தியாரே, திருத்திட்டியா!

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. திட்டிக்கொண்டேதான் முதல் சுற்றை ஓட்டினாள். கை பழைய பாதையிலேயே போனது, கியர்ப்பெட்டி பல்லை நறநறவென்று கடித்தது. இப்படியே போனால் நாலாவது சுற்றுக்குள் பெட்டி தூளாகிவிடும். அவள் மூச்சை இழுத்து விட்டாள். பயந்த நோயாளியிடம் பேசுகிற குரலில் காரிடம் பேச ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாத. இப்ப முன்னாடி. அவ்வளவுதான். இப்ப பின்னாடி. சமத்து!"

வாய் சொன்னதைக் கை கேட்டது. மூன்றாவது சுற்றில் ஒரு தப்பு. நாலாவதில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் முன்னால் ஒரு மஞ்சள் கார் தெரிந்தது. வளைவில் உட்பக்கம் நுழைந்து, மூன்றாவது கியரில் அதை ஓரங்கட்டிவிட்டுப் பறந்தாள். தன்னை மறந்து கூச்சல் போட்டாள்.

எட்டாவது சுற்று. ஒரு நிமிடம்தான் மீதி என்றது பலகை. கடைசி வளைவில் வாய் எதுவும் சொல்லவில்லை, சொல்ல மறந்தே போனாள். கை தானாகவே சரியான பக்கம் போனது. கோட்டைத் தாண்டியபோது மீதி பதினொரு விநாடி.

எட்டுச் சுற்றிலும் சேர்த்து வைத்த வசவு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கயிற்றைத் தாண்டி வாத்தியார் ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர், கையெல்லாம் கிரீஸ்.

"அண்ணி, நான்தான்... நீங்க விதி கேக்கப் போனப்ப மாத்தினேன்... வேகமா போவீங்கன்னு... சொல்றதுக்குள்ள வெளிய தள்ளிட்டாங்க..."

அவள் வாயைத் திறந்தாள். வசவு ஒன்றுகூட வரவில்லை.

"ஓடி முடிச்சிருச்சு தம்பி! நம்ம வண்டி ஓடி முடிச்சிருச்சு!"

சங்கத்து ஆள் பதிவுப் புத்தகத்தை நீட்டி, கையெழுத்துக் கேட்டார். பதினெட்டு வருடமாகப் பல் பிடுங்குகிற கை, பேனாவைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. வாத்தியார் இரண்டு கையாலும் புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.