டாக்டரிடம் காட்டிய கதை

1

ஸ்ரீரங்கம் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் நட்டநடுவில், பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் வாந்தி எடுத்தேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். உன்னதமான இடத்தில் பிறந்த கதை வேண்டுவோர் வேறு எழுத்தாளரைப் பார்க்கலாம்.

பஸ்மீது குற்றமில்லை. தாறுமாறாக அடிக்கும் என் நெஞ்சுக்கு டாக்டர் அமிர்தராஜ் தினம் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். ஒன்றுக்கே படபடப்பு அடங்குகிறதே, இரண்டு போட்டால் நோயே ஓடிவிடாதா என்று இந்தச் சவரிநாதன் பி.ஏ.வின் மூளை யோசித்தது. ஒரே வாரத்தில் மருந்து மிஞ்சி, கண்ணுக்கு உலகமே மஞ்சளாகிவிட்டது. அந்த மனிதரின் வேட்டி என்ன நிறமென்று சத்தியமாகத் தெரியாது.

“ஊருக்கெல்லாம் கதை எழுதுறீங்க. டாக்டர் எழுதினதைப் படிக்கத் தெரியலையா?” என்றாள் என் மனைவி பாக்கியமேரி. மாத்திரைப் புட்டி அன்றே அவள் காவலுக்குப் போனது.

2

“குணமாகுமா, டாக்டர்?”

“பார்ப்போம்.”

“என் பொண்ணுக்குப் பத்து வயசுதான் ஆகுது. அவ கல்யாணம் வரைக்கும்…”

“உப்பைக் குறைச்சுக்குங்க.”

நோயாளியிடம் உண்மை சொன்னால் பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்கள் போலும். சரி, எழுத்தாளனிடம் சொல்லட்டும். மண்ணச்சநல்லூர் அரிசி மில் முதலாளி பெரியண்ணனை உண்டாக்கி, என் நோயை அவர் தலையில் கட்டினேன்.

3

தொடக்கம்: ‘பெரியண்ணனின் இதயம் காவிரி வெள்ளமாய்ப் பொங்கி…’

(அடித்துவிட்டேன். குடித்துவிட்டு வந்தவன் தண்டோரா போடுவதுபோல் இருக்கும் அது. வெள்ளமாம்!)

முடிவு அ: மலைக்கோட்டைப் படியில் சுருண்டு சாகிறார். பத்திரிகைக்காரர்கள் கண்ணீரோடு வாங்குவார்கள்.

முடிவு ஆ: பூரண குணம். புளுகு. எனக்குப் பிடித்தது இதுதான்.

உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது…

4

(இது நான் எழுதியதல்ல. நடந்தது.)

டாக்டர் ஒரு கையால் குழாயை என் நெஞ்சில் வைத்து, மறு கையால் நாடியைப் பிடித்திருந்தார். இரண்டு துடிப்பும் ஒத்துப்போகவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு நான் நீட்டிய கதையைப் படித்தார்.

“கதைக்குத்தான் கேக்குறேன். பெரியண்ணன் பிழைப்பாரா?”

“மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற மனுசன்னு எழுதியிருக்கீங்க. அவர் மகளுக்கு அக்னஸ்னு பேரா, சார்?”

என் மகளின் பெயர். எழுதும்போது கை தானாகப் போட்டிருக்கிறது. நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அவர் காதிலிருந்து குழாயைக் கழற்றினார்.

“குணமாகாது, சவரிநாதன். இனிமே இது இப்படித்தான் அடிக்கும். மாத்திரையைக் கூட்டாம, நிறுத்தாம, மாசாமாசம் வந்து காட்டுனா, அக்னஸ் கல்யாணத்தைப் பார்ப்பீங்கன்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க, அது முடியாது. சட்டையைப் போடுங்க.”