ஏழு வரி அறிவிப்பு

அந்த அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு மேனேஜர் அவனுக்குத் தாய்மாமன். ஆங்கிலத்தில் அறிவிப்பும் மெயிலும் எழுத அவனை வேலைக்கு வைத்தவரும் அவரே; எழுதியதையெல்லாம் அடித்துத் திருத்தியவரும் அவரே. தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. மாமா கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். இல்லாவிட்டால் மாலையே மூட்டை கட்டவேண்டியதுதான்.

கீழ்த்தளத்து லிஃப்ட் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே போய்ப் பொத்தானைத் தொட்டால் மூடிக்கொள்ளும். பிறகு மெக்கானிக் வந்தால்தான் திறக்கும். மருமகன் ஆங்கிலத்தில் எழுதினான்: லிஃப்ட் பழுது. படியில் செல்லவும்.

"என்னடா இது, தந்தி மாதிரி?" என்றார் மாமா.

"புரியுதில்ல மாமா?"

"புரிஞ்சா போதுமா? எழுதினவன் படிச்சவன்னு தெரிய வேணாமா?"

மாமா கை வைத்ததும் அது, மதிப்பிற்குரிய அனைவரின் மேலான கவனத்துக்கும் பணிவன்புடன் கொண்டுவரப்படுவது யாதெனில் என்று கிளம்பி, தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களை வலம்வந்து, ஏழாவது வரியில்தான் லிஃப்டைத் தொட்டது. அவ்வளவு பெரிய தாளை ஒட்ட வெளியே சுவரில் இடமில்லை. லிஃப்டுக்குள் இடம் தாராளமாக இருந்தது.

"உள்ள வராதீங்கன்னு படிக்கவே உள்ள வரணுமே மாமா."

"படிச்சிட்டு வெளிய போயிடுவான். நீ ஒட்டு."

ஒட்டினான். கோணலாக இருக்கிறதா என்று பார்க்க மாமா உள்ளே போனார். தன் வாக்கியத்தைத் தானே ரசித்தபடி, நாலாவது வரிக்கு வந்தபோது பக்கச் சுவரில் வசதியாகச் சாய்ந்தார். சாய்ந்த இடத்தில் பொத்தான் இருந்தது.

கதவு மூடியது.

போனில் கூப்பிட்டதற்கு, வர அரைமணி நேரம் ஆகும் என்றார் மெக்கானிக். அதற்குள் வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் வெளிப் பொத்தானை அமுக்க, உள்ளே பெட்டி குலுங்கியது.

"டேய், எவனும் அமுக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டுடா."

"உங்க பாணியிலயா மாமா? முடிக்கறதுக்குள்ள மெக்கானிக்கே வந்துடுவார்."

"உன் பாணியிலயே எழுதித் தொலை."

தன் இரண்டு வாக்கியங்களைக் கதவில் ஒட்டினான். போனில் பேசிக்கொண்டே வந்த ஒரு பெண் அதைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தாமலே படிப்பக்கம் திரும்பினாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே.

"ஆட்டம் நின்னுடுச்சு. என்னடா எழுதின?"

"காலைல எழுதினதேதான்."



"ஒரு 'தயவுசெய்து' போட்டிருக்கலாம்."

"கிழிச்சிட்டு வேற எழுதட்டுமா?"

"அதுல கை வெச்சே, தெரியும் சேதி."

"அப்போ கையெழுத்து?"

"வெளிய வந்ததும் முதல் வேலை அதான். உங்கம்மா காதுல மட்டும் இதைப் போட்டுடாதே. அக்கா ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பா."

"சொன்னாலும் சுருக்கமாத்தான் மாமா சொல்வேன்."