வெள்ளைத் தலைக்கு இரண்டாவது சாட்சி

அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பதினாறு வருஷமாக அந்த ஏரிக்கரைச் சாலையில்தான் அவள் வண்டி போய்வருகிறது. ஒரு நாளாவது தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பாளா என்றால், கிடையாது. வண்டி ஓட்டுகிறவள் வேடிக்கை பார்க்கலாமா? அப்பேர்ப்பட்டவள் குளிர்காலம் முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, காது மூக்கெல்லாம் துணியைச் சுற்றிக்கொண்டு, நாத்தனாரோடு அதே கரையில் நடுங்கிக்கொண்டு நின்றாள். எல்லாம் ஒரு வாத்தால் வந்த வினை.

நாத்தனாருக்குப் பல்செட் செய்கிற வேலை. பறவைகள் கிளம்பிப் போகுமுன் ஏரியில் அவற்றை எண்ணும் குழு ஒன்று உண்டு. எட்டு வருஷமாகக் கிழக்குக் கரை அவள் பொறுப்பு. போன வருஷம் மூடுபனிக்கு நடுவே, வெள்ளைத் தலையோடு ஒரு கருப்பு வாத்தைப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தாள். அப்படியொரு வாத்து அந்த ஏரிக்கு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை. குழுவை நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"புதுப் பறவைன்னா ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடணும்மா. அதுதான் நம்ம வழக்கம்."

பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி விழுந்தது. அத்தோடு விட்டார்களா? அவளுக்கு 'வெள்ளைத்தலை' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதைக்கூடச் சிரித்து மழுப்பிவிட்டாள். அவள் எண்ணிக் கொடுத்ததை எல்லாம் கடைக்காரர் இன்னொருவரை விட்டு மறுபடி எண்ணச் சொன்னார் பாருங்கள், அதுதான் சுட்டது. பல்லின் உயரம் மயிரிழை கூடினாலும் உட்கார்ந்து தேய்க்கிறவள் அவள். என் கண்ணை நம்பமாட்டேன் என்கிறார்களே என்று வருஷம் முழுக்கப் புழுங்கினாள்.

அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. "நான் வரேன். நீ எதைக் காட்டினாலும் கையெழுத்துப் போட்டுடறேன்."

"பார்த்துட்டுப் போடணும் அண்ணி."

"பார்க்கிறேன், பார்க்கிறேன். பெரிய கலெக்டர் உத்தியோகம்."

ஆனால் பனி விலகி ஏரி தெரிந்ததும் அண்ணி முகத்துத் துணியை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். எதிர்க்கரை அலுவலகக் கட்டடங்களின் நிழல் முழுக்கப் பறவைகள். ஊசிவால் வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மட்டும் மேலே நீட்டி நின்றன. ஒரு கூட்டம் எழும்பி, ஒரே வீச்சில் திரும்பி, மறுபடி இறங்கியது. நாத்தனார் முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு, பத்துப் பத்தாக எண்ணி, உதடு அசையாமல் விரலை மடக்கிக்கொண்டே போனாள். வீட்டில் டீ போடும்போது பாலைப் பொங்கவிடுகிறவளா இவள் என்று அண்ணிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இத்தனை வருஷமா இதுங்க இங்கேயா இருந்துச்சு?"

"நீங்க ஹாரன் அடிக்கிறப்பெல்லாம் நிமிர்ந்து பார்க்கும். நீங்கதான் கண்டுக்கிட்டதில்லை."

வெள்ளைத் தலையை முதலில் பார்த்தது அண்ணிதான். தூரத்தில் நிறுத்தத்தில் கை நீட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. கோரைப்புல் ஓரம், கருத்த உடம்பும் பால் போல் வெளுத்த தலையுமாக ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அண்ணி, நாத்தனார் கையிலிருந்த எண்ணிக்கை எழுதும் பாரத்தைப் பிடுங்கி, 'வெள்ளைத்தலை வாத்து: ஒன்று' என்று எழுதி, கீழே கையெழுத்தையும் போட்டாள். கையோடு கண்ணாடிக் கடைக்காரருக்கு ஃபோனும் போட்டாள்.

அவர் பதிவேட்டை அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். பின்னாலேயே நாலைந்து பேர். தொலைநோக்கியில் பார்த்தவர் குல்லாவைக் கழற்றிவிட்டார்.

"மன்னிச்சுக்கம்மா. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்."

அண்ணிக்கு உச்சி குளிர்ந்தது. நாத்தனார் மட்டும் தொலைநோக்கிப் பக்கம் குனிந்தாள். மறுபடி கண்ணை வைத்தாள். கால் மணி நேரம் ஆனது. எல்லாரும் காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.

"நீந்துறப்போ தலையை ஆட்டுது சார். முங்குறதுக்கு முன்னாடி ஒரு குதி குதிக்குது. வாத்துதானான்னு சந்தேகமா இருக்கு."

அண்ணி அவள் இடுப்பில் கிள்ளினாள். "அவரே ஒத்துக்கிட்டாரு. பேசாம இரேன்டி."

"கரையேறட்டும் அண்ணி. கால் தெரியணும்."

அது கரையேறியது. சேற்றில் நின்று இறகைக் கோதியது. நாத்தனார் நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தாள்.

"வாத்து இல்ல சார். வாத்துக்கு விரல் இடையில தோல் இருக்கும். இதுக்கு விரலுக்கு விரல் தனித்தனியா இலை மாதிரி மடல் இருக்கு. நாமக்கோழி. நெத்தியில மட்டும் இருக்க வேண்டிய வெள்ளை தலை முழுக்க வந்திருக்கு. போன வருஷம் நான் பார்த்ததும் இதாத்தான் இருக்கும். தப்பு என்னோடது."

நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கருப்பு நீர்க்கோழி அது; அந்த ஏரியில் நூற்றுக்கணக்கில் மேய்கிறது. அவள் பதிவேட்டை வாங்கி, போன வருஷத்து வரியைத் தானே அடித்து, கேள்விக்குறிக்குப் பக்கத்தில் தேதியும் போட்டுக் கொடுத்தாள்.

அண்ணிக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. வருஷம் முழுக்கப் பேச்சு வாங்கியவள், தேடிவந்த மரியாதையை இப்படியா காலால் தள்ளுவாள்? அப்புறம் அவள் நின்ற நிற்பைப் பார்த்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், அடுத்த கூட்டத்தை எண்ணத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அடேயப்பா, இப்படியொருத்தி நம் வீட்டிலா என்று அண்ணிக்குத் தோன்றியது. இவளைவிடப் பெரிய மனுஷி அந்தக் கரையில் யாரும் இல்லை.

கடைக்காரர் பாரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இங்கே வாத்துன்னு இன்னொரு கையெழுத்து இருக்கே?"

"என்னோடதுதான் சார்," என்றாள் அண்ணி. "சரியாப் பார்க்காமலே போட்டுட்டேன்."

பேனாவை வாங்கி, வாத்து வரியையும் தன் கையெழுத்தையும் அடித்தாள். தொலைநோக்கியைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். குனிந்தாள். வெள்ளைத் தலையை விட்டுவிட்டுக் காலையே பார்த்தாள். அது சேற்றிலிருந்து காலைத் தூக்கி விரல் மடல் தெரியும்வரை, மூக்கு நுனி மரத்துப்போகும்வரை பார்த்தாள். அப்புறம் அடித்த வரிக்குக் கீழே 'நாமக்கோழி: ஒன்று' என்று எழுதி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.