கொடுத்தே ஆகணும்

பேனா தாளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டது, உறுப்பு தானக் குழுவின் டாக்டர் நிமிர்ந்து, மொழிபெயர்த்துச் சொல்ல வந்த மரகதவல்லியைப் பார்க்கிறார், என்னம்மா சொன்னாங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, அவள் அதையே திருப்பிச் சொல்கிறாள், அக்காவுக்குக் கிட்னி கொடுத்தே ஆகணும்னு சொல்றாங்க சார், பக்கத்தில் எல்வீரா, பெரு நாட்டிலிருந்து சென்னைக்கு வந்து இருபது நாளாக ஆஸ்பத்திரி இட்லியைக் குறை சொல்லாமல் தின்பவள், தெங்கோ கே, தெங்கோ கே, செய்தே ஆகணும் என்று தன் ஸ்பானிஷில் இரண்டு தரம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விருப்பம் என்று மாற்றிச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது, யாரோ கட்டாயப்படுத்துகிறார்கள் என்று குழு எழுதிவிட்டால் மாடியில் படுத்திருக்கும் அக்காக்காரி பிழைக்கமாட்டாள், ஆனாலும் மரகதவல்லிக்கு நாக்கு எழவில்லை, அவள் ஏற்கெனவே ஒருமுறை மாற்றிச் சொன்னவள்.

இதே மாதிரி மேசை, மதுரையில், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அன்று அவள் அண்ணனுக்குக் கொடுக்க வந்திருந்தாள், வீட்டில் யாரும் நீ கொடு என்று சொன்னதில்லை, கொடுத்தாகணும், வேற வழியில்ல, அவ்வளவுதான், அம்மா சோற்றைப் போட்டபடி, சித்தப்பா போனில், அண்ணி பேச்சே இல்லாமல் மூக்கை உறிஞ்சியபடி, அறை வாசல் வரைக்கும் வந்த அம்மா இவள் காதில் சொன்னாள், சிரிச்ச முகமா சொல்லுடி, முழு சம்மதம்னு சொல்லு, அவளும் கிளிப்பிள்ளை மாதிரி முழு சம்மதம் என்கிறாள், அந்த டாக்டரின் பேனா ஒரு நொடிகூட நிற்காமல் ஓடுகிறது, அண்ணன் நன்றாக இருக்கிறான், இருக்கட்டும், அதில் அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் குளிக்கையில் இடுப்புத் தழும்பில் கை படும்போதெல்லாம் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்து வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று தோன்றும், கொடுத்தாகணும்னு யார் சொன்னது, கேளுங்கம்மா, இது இன்று எதிரே இருக்கும் டாக்டர், அவள் கேட்கிறாள், எல்வீரா யோசிக்கவே இல்லை, யாரும் சொல்லல, எல்லாரும் வேண்டாம்னுதான் சொன்னாங்க, புருஷன் சொன்னார், அம்மா சொன்னாங்க, அக்காவே அழுது வேண்டாம்னா, எனக்கு நானேதான் சொல்லிக்கிட்டேன், கொடுத்தே ஆகணும்னு. அதை மரகதவல்லி வார்த்தை மாறாமல் தமிழில் சொல்கிறாள், என்ன பெண் இவள், ஊரே தடுத்தும் தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறாள், அவளைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது, டாக்டர் எல்வீராவைப் பார்த்து மெல்லத் தலையசைக்கிறார், சரிம்மா, எழுதிக்கிறேன், பேனா இறங்குகிறது, அவசரமில்லாமல் எழுதுகிறது, அன்று அந்தப் பேனாவும் இப்படி ஒரு விரற்கடை உயரத்தில் நின்றிருந்தால், யார் சொன்னது என்று கேட்டிருந்தால், அப்போதும் அவள் கொடுத்துத்தான் இருப்பாள், ஆனால் கேட்டிருக்கலாம்.