மூட்டை இருந்த இடத்துப் புல்

1

இந்தக் கதை ஒரு துண்டுப் புல்தரையிலிருந்து வந்தது. எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி, நீள்சதுரமாகப் புல் வெளுத்துக் கிடந்தது. மேலே எதுவோ பல நாள் அழுத்திக் கிடந்து, பிறகு எழுந்து போய்விட்ட மாதிரி வெளுப்பு. ஆற்று வெள்ளத்துக்காக ஊர் கூடி நிரப்பிவைத்த மணல்மூட்டைகள் அங்கேதான் அடுக்கியிருந்தன. யாரும் திருடவில்லை. அவரவர் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அந்தப் புல்லைப் பார்த்த அன்று எனக்குப் பயம் வந்தது. இன்றும் போகவில்லை. பயத்தைத் தனியாக வைத்திருக்க முடியவில்லை, அதனால் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2

எப்படித் தொடங்குவது?

"மிசிசிப்பி பெருகி வந்த அந்த மே மாதத்தில், உரிமைகளின் நாடு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு தேசம், தன் கடமைகளை முற்றிலும் மறந்து —"

விட்டுவிட்டேன். மேடைப் பேச்சு. இந்த வாக்கியத்தைக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் தன்னைச் சொல்வதாக நினைக்கமாட்டார்கள்.

"கர்ட் வெஸ்டல் சுயநலக்காரன். அவனுடைய —"

இதையும் அடித்துவிட்டேன். அவன் ஒருவன் கெட்டவனாக இருந்தால் நமக்கெல்லாம் எவ்வளவு வசதி!

"ஆர்லீன் கரைமேல் நடந்துகொண்டிருந்தாள்."

இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

3

ஆர்லீன் கரைமேல் நடந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நல்ல வெயில். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். வெள்ள நாட்களில் கரை நடக்கிறவள்.

எங்கள் பக்கத்தில் கரை என்றால் ஊரைக் காக்க ஆற்றோரம் எழுப்பிய உயரமான மண் அணை; வெள்ளத்தில் அதன்மேல் நடந்து பார்ப்பது வழக்கம். ஆறு ஏறினால், கரையடியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் கரையில் ஒரு துண்டு. அந்தத் துண்டில் முளையடித்து வீட்டுப் பெயர் எழுதியிருக்கும். அந்த வீட்டிலிருந்து ஒருவர் தன் துண்டில் போய்வந்து, எங்கேயாவது கசிகிறதா, மண் இளகுகிறதா என்று பார்க்கவேண்டும். முளைகள் இன்னும் இருக்கின்றன. பெயர்களும் இருக்கின்றன. நடக்கிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். ஆர்லீன் அன்று 'வெஸ்டல்' என்ற முளையைத் தாண்டினாள். 'ஓடம்' என்ற குடும்பத்து முளையைத் தாண்டினாள். எதுவும் அவள் துண்டு இல்லை.

காலடியில் கரை மெத்தைபோல் அமுங்கியது. இடப்பக்கம் ஆறு, அவள் பாதத்துக்கு ஒரு முழம் கீழே. வலப்பக்கம் ஊர், கூரைகளெல்லாம் அவள் பாதத்துக்குக் கீழே. அந்தக் கூரைகளில் பச்சைக் கூரை அவள் மகள் டெஸ்ஸின் வீடு. டெஸ்ஸும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். டெஸ்ஸின் புருஷன் சரக்குப் படகு வேலையில் தெற்கே எங்கோ போயிருந்தான்.

"கெளம்பி அத்த வீட்டுக்குப் போயிரு" என்று ஆர்லீன் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள்.

"நீதான் மேல நடக்குறியேம்மா" என்றாள் டெஸ். "எதுனா ஆனா நீ சொல்லமாட்டியா?"

அந்தப் பதிலில் ஆர்லீனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது, பச்சைக் கூரைக்குப் பின்புறம், கரையின் அடிவாரப் புல்லில், கஞ்சி கொதிப்பதுபோல் ஏதோ கொப்பளிப்பதைப் பார்த்தபோது, அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

4

(இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கரைக்கு அடியில் ஆறு வழி கண்டுபிடித்து, உலர்ந்த பக்கம் வந்து ஊற்றாகக் கொப்பளிக்கும். தெளிந்த நீர் வந்தால் மூச்சு விடலாம். கலங்கி வந்தால், ஆறு கரையை உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஊற்றை அடைக்கக் கூடாது, அடைத்தால் வேறிடத்தில் வெடிக்கும். சுற்றிலும் மணல்மூட்டையைக் கிணற்றுச் சுவர்போல் அடுக்கவேண்டும். உள்ளே நீர் ஏறி நின்றால் அதன் பாரமே ஊற்றை அமுக்கிவிடும். அதற்கு மூட்டை வேண்டும், நிறைய வேண்டும், தூக்க ஆள் வேண்டும். இந்தக் கதையில் வேண்டியது இந்த இரண்டுதான்.)

5

ஆர்லீன் சரிவில் இறங்கினாள். பையில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்திருந்தாள், பழைய ஜாம் ஜாடி. ஊற்றில் முக்கி எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தாள். பால் ஊற்றிய தேநீர் நிறம். அள்ளும்போது தானே கலக்கியிருக்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் விரும்பினாள். மூடியைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு தேவாலயத்துக்கு ஓடினாள்.

அங்கே என்ன பார்த்தாள் என்று உங்களுக்குத் தெரியும். வெளுத்த புல்.

கைபேசியில் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள். எடுத்த பெண்ணின் குரலில் தூக்கமில்லாத அலுப்பு. "வண்டியெல்லாம் மேல ஊர்ல இருக்கும்மா, அங்க நெலம ரொம்ப மோசம். உங்க ஊர் மூட்டைய வச்சுச் சமாளிங்க. மூட்டை குடுத்தோமே?"

"குடுத்தீங்க" என்றாள் ஆர்லீன்.

6

கர்ட் வெஸ்டல் தன் கராஜின் முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி, கராஜைச் சுற்றி, புது வண்டியைச் சுற்றி, இடுப்பளவுக்கு மூட்டைகள். அழகாக அடுக்கியிருந்தான். செங்கல் வேலை செய்கிறவன்கூட மெச்சுவான்.

"வா ஆர்லீன். பாத்தியா, கோட்டை கட்டிட்டேன்."

"கர்ட், டெஸ் வீட்டுக்குப் பின்னால ஊத்து வந்திருக்கு. மூட்டை வேணும். வண்டியும் வேணும். எந்திரி."

"மாவட்டத்துக்குப் போன் போட்டியா?"

"போட்டேன். ஆளில்ல."

"ஆளில்லன்னா எப்படி? வரி வாங்குறான்ல? எனக்கு வர்ற கோவத்துக்கு —"

"கோவத்த அப்பறம் காட்டு. இப்ப மூட்டையத் தூக்கு."

"இதெல்லாம் என் பங்கு, ஆர்லீன். நான் கட்டுன வரி."

"உன் பங்கா? ரொப்புன அன்னிக்கு உன்னக் காணலியே?"

"அது ரெண்டு வாரத்துக்கு முந்துன சனிக்கிழம. மீன்பிடிக்கப் போயிருந்தேன்."

"இனி எங்கயும் போகவேண்டாம். மீனே உன் கராஜுக்கு வரும்."

கர்ட் சிரித்தான். சிரித்து முடித்தபிறகு அவன் கண் கரைப்பக்கம் போனது. ஆர்லீன் அதைக் கவனித்தாள். அவனுக்கும் பயம்தான். அந்தப் பயம்தான் மூட்டையாக அடுக்கியிருந்தது.

அவள் ஜாடியை எடுத்து அவன் வண்டியின் முன்மூடிமேல் வைத்தாள். "இதப் பாரு."

அவன் பார்க்கவில்லை. "ஓடம் வீட்டுல என்னவிட ஜாஸ்தி வச்சிருக்கான். மொதல்ல அவன் குடுக்கட்டும். ஊரே குடுத்தா நானும் குடுப்பேன். நான் என்ன மிருகமா?"

7

இங்கே எழுதுகோல் நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

கர்ட்டை ஒரு தட்டுத் தட்டவேண்டும் என்று கை பரபரத்தது. ஒரு வரி போதும், அவன் கோட்டை சரிந்து அவன் காலிலேயே விழும். ஆனால் அவன் சொன்னதில் ஒரு சொல் என்னை விடவில்லை: 'மொதல்ல அவன்.' இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் இந்தச் சொல் சமையலறை மேசைமேல் இருக்கிறது, உப்புக்குப் பக்கத்தில். உன் உரிமை என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். உன் முளை எங்கே என்று கேட்டால் கரைமேல் ஏறித் தேடவேண்டும்.

முன்காலத்து மனிதர்கள் தங்கம் என்று சொல்ல வரவில்லை. முன்காலத்தில் எதிர்க்கரைக்காரன் தன் பக்கம் வெள்ளம் வடியப் படகில் வந்து நம் கரையை வெட்டிவிடுவான் என்று துப்பாக்கியோடு காவல் இருந்தார்கள்.* நல்லவர்கள் என்பதால் கரை நடக்கவில்லை. நடக்காதவன் பெயரைக் காபிக் கடையில் நாறடித்தார்கள், அதனால் நடந்தார்கள். அன்று பயம் ஊரை ஒன்றாகக் கட்டியது. இன்று அதே பயம் கராஜ் கராஜாகப் பிரித்துக் கட்டுகிறது. என்ன மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் நீங்கள் நம்பாதீர்கள்.

(* எதிர்க்கரைக்காரனும் இதே பயத்தில் துப்பாக்கியோடு நின்றிருப்பான். அவன் கதையை அவன் ஊர்க்காரி எழுதட்டும்.)

8

ஆர்லீன் ஜாடியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீடுகளுக்குப் போனாள். ஓடம் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. திரைச்சீலை மட்டும் அசைந்தது. அதற்கடுத்த வீட்டில், "எங்ககிட்ட நாலஞ்சுதான் இருக்கு, அது என்னத்துக்கு ஆகும்?" என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும் நாலஞ்சுதான். ஆர்லீனுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. மகளையும் குழந்தையையுமாவது கிளப்பிவிடுவோம் என்று பச்சைக் கூரை வீட்டுக்கு ஓடினாள்.

(காரில் ஏறிப் போய்விடலாமே என்கிறீர்கள். ஊரைவிட்டு வெளியே ஒரே சாலை. அது ரயில் பாலத்துக்கு அடியில் இறங்கிப் போகிறது. அங்கே ராத்திரி பெய்த மழைத்தண்ணீர் கார் போக முடியாத அளவுக்கு நிற்கிறது என்று ஆர்லீனுக்கு அப்போது தெரியாது. டெஸ்ஸுக்குத் தெரியும். போய்ப் பார்த்துத் திரும்பியிருந்தாள்.)

டெஸ் வாசற்படியில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். படியின் இரண்டு பக்கமும், வாசலின் குறுக்கேயும், மூட்டைகள்.

ஆர்லீன் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எப்ப எடுத்த?"

"வியாழக்கிழம."

"நான் ரொப்புன மூட்டை, டெஸ். என் கையால கட்டுன முடிச்சு."

"எல்லாரும்தான் எடுத்தாங்க! காலியாகப் போகுதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். நான் எடுக்கலன்னா வேற யாராவது எடுப்பாங்க. எனக்குப் புள்ள இருக்கும்மா."

"எல்லாருக்கும்தாண்டி இருக்கு."

"இப்பத் திட்டத்தான் வந்தியா?"

ஆர்லீன் ஜாடியை எடுத்துப் படியின் கைப்பிடிமேல் வைத்தாள். அத்தனை ஓட்டத்திலும் கனமான மண் கீழே இறங்கியிருந்தது. மேலே நீர் கொஞ்சம் தெளிந்திருந்தது. அடியில், விரல் தடிமனுக்கு, சாம்பல்நிற மண்.

"இது என்ன?" என்றாள் டெஸ். குரல் இறங்கிவிட்டது.

"கரை" என்றாள் ஆர்லீன்.

9

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் மாவட்டத்து வண்டிகள் வந்தன. மஞ்சள் விளக்கு சுழல, வரிசையாக. ஒரே ஒரு வாக்கியம்தான் செலவு. எழுதியதும் நிம்மதியாக இருந்தது, பிறகு கூசியது. யாரோ வருவார்கள் என்றுதானே கர்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்? நானும் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். நீங்களும்தான் செல்லங்களே, கோபிக்காதீர்கள். எழுதுகிறவள் எப்படியாவது பார்த்துக்கொள்வாள் என்று இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

இரண்டாவதில் கரை உடைந்தது. "முதலில் ஒரு சத்தம், பெரிய துணியைக் கிழிப்பதுபோல். பிறகு பச்சைக் கூரை —"

இல்லை. ஊருக்குப் பாடம் சொல்ல ஒரு குழந்தையை ஆற்றில் போடமாட்டேன். அந்தக் காகிதத்தைக் கிழித்த பிறகும் அந்தத் துணி கிழியும் சத்தம் மட்டும் காதில் இருக்கிறது.

மூன்றாவதில் எல்லாரும் வந்தார்கள். கர்ட், ஓடம் வீட்டார், நாலஞ்சுக்காரர்கள் எல்லாம் வரிசையாக நின்று கைக்குக் கை மூட்டை மாற்றினார்கள். எழுதும்போது அழுதேன். மறுநாள் படித்தேன். அவர்களை நாற்காலியிலிருந்து எழுப்பியது எது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. எப்படி எழுப்புவது என்று எனக்குத் தெரிந்திருந்தால் கதை எதற்கு?

10

ஆகவே தெரிந்த இடம்வரை சொல்கிறேன்.

ஆர்லீன் வாசலிலிருந்து ஒரு மூட்டையை எடுத்துத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நீ வருவியோ வரமாட்டியோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். ஈர மணல் அவள் முதுகில் வழிந்ததை டெஸ் பார்த்தாள்.

தெருவில் யாருமில்லை. கர்ட்டின் வண்டி உறுமும் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. வருகிறானா, ஊரைவிட்டுப் போகப் பார்க்கிறானா என்று டெஸ்ஸுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பின்பக்கம் மூட்டை விழுந்த சத்தம், 'தொப்' என்று ஒன்று. ஒரு மூட்டையால் ஒன்றும் ஆகாது. அது ஆர்லீனுக்கும் தெரியும்.

டெஸ் வாசலைப் பார்க்கிறாள், மூட்டைகளைப் பார்க்கிறாள், ஜாடியைப் பார்க்கிறாள். ஈர மணல்மூட்டையை ஒற்றைக் கையால் தூக்க முடியாது. இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் குழந்தை இருக்கிறது. படியில் கிடத்தினால் உருண்டுவிடும். உள்ளே தொட்டிலில் விட்டுவிட்டுக் கரைக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டுக்கு மேலே ஒரு ஆறு நிற்கிறது.

அவள் நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்க்கிறாள். என்னைப் பார்க்கமாட்டாள், நான் காகிதத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். உங்களைப் பார்க்கிறாள். இவ்வளவு நேரம் அந்த வாசலில் நின்றது நீங்கள் மட்டும்தான்.

குழந்தையை நீட்டுகிறாள்.

பயமாக இருக்கிறதா? எனக்கும்தான். வாங்கினால் நீங்களும் கரைக்குக் கீழே நிற்கிறீர்கள், அதை மறைக்கமாட்டேன். கழுத்துக்கு அடியில் ஒரு கை கொடுங்கள், இன்னும் தலை நிற்கவில்லை. நீங்கள் வாங்கினால்தான் அவள் குனிய முடியும்.